மாமா கேட்டது ஒரே ஒரு லைன்!

சிங்கப்பூரில் 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மாமா, வந்து ஒன்றரை வருஷம் கழித்து என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே இருக்கியே... இதுக்கு ஒரு லைன் கெடைக்குமான்னு பாக்குறியா? விலை கம்மியா இருந்தா போதும்."

'இது' என்று அவர் காட்டியது, அண்ணாமலை நகர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஒரு நீளக் குழாய். திறந்தால் உள்ளே துணி உறை, அதற்குள் நான்கு துண்டாகக் கழற்றி வைத்த ஒரு தூண்டில் ராடு. கூடவே ஒரு வட்டமான ரீல். ரீலில் சுற்றியிருந்த பழைய லைன் வெடித்து, கையில் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் "மாமாவுக்கு லைன் பாக்கணும்" என்றேன். அம்மா முறைத்த முறையில், முழு விஷயத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

மாமா செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அங்கே இருந்த ஃபோர்மேனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க வேண்டும். துணைக்கு மாமாவை அழைத்துப்போவார். அமேசான் காட்டு நதிகளின் மீனான பீக்காக் பாஸ் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. வாலில் மயில் கண்போல ஒரு புள்ளி இருக்கும். புழுவோ இறாலோ மாட்டாமல், முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் இரையைக் காட்டி அதைப் பிடிப்பார்கள். அந்த இரைக்குப் பெயர் ஃபிளை. ஃபோர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தன் ராடை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியவரிடம் தெருவில் எல்லோரும் கேட்பது "மறுபடி எப்போ கெளம்புறீங்க?" என்பதுதான். மாமா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். காலையில் பேப்பர், மாலையில் மொட்டைமாடி, அவ்வளவுதான் அவர் நாள். அப்படிப்பட்டவர் ஒன்று கேட்கிறார். நான் சென்னையில் ஜர்னலிசம் டிப்ளமோ படித்த கட்டணம் இரண்டு தவணையுமே அவர் அனுப்பிய பணம். எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தது.

தேடிப் பார்த்ததில், பெயர் பெற்ற கம்பெனி லைன்கள் அமெரிக்காவிலேயே 100 டாலரைத் தொடுகின்றன. டிஜிட்டல் டெஸ்க் நிருபரின் சம்பளத்தில் அது யோசிக்க வேண்டிய தொகை. ஆன்லைனில் 850 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. நம்பர் 5 என்று போட்டிருந்தது. சின்ன ஆற்றுக்குச் சின்ன நம்பர் போதாதா என்று நானே ஒரு கணக்குப் போட்டு ஆர்டர் செய்தேன். வந்ததும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, டப்பாவை மாமா கையில் கொடுத்தேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு பாப்பா" என்றார்.

மறுநாள் காலை பி.முட்லூர் வழியாகப் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறதே, அந்த வெள்ளாற்று முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளைக் கால்வாய். கொள்ளிடம் பக்கம் போகலாமா என்று கேட்டதற்கு மாமா, "அங்க முதலை நம்மளப் புடிக்கும்" என்றார். விளையாட்டில்லை. பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலை வருவதும், வனத்துறை அதைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவதும் எங்கள் மாவட்டச் செய்தியில் அடிக்கடி வருவதுதான். பிச்சாவரமோ காப்புக்காடு. ஆகவே வெள்ளாறு.

மாமா ராடைப் பூட்டி, லைனை வளையங்களில் கோத்து, கையைத் தூக்கி வீசினார். லைன் பின்னால் போய் முன்னால் வந்து, அவர் காலடியிலேயே கொத்தாக விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடியும் கொத்து. கரையில் குத்தவைத்திருந்த ஒரு அண்ணன், காலி தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பை விட்டுக்கொண்டே, "மாடு ஓட்டுறீங்களாண்ணே?" என்றார். சாட்டை வீசுவதுபோல்தான் இருந்தது. அவர் அதற்குள் இரண்டு கெளுத்தி எடுத்திருந்தார். அந்த நரம்பின் விலை 60 ரூபாயாம்.

"காத்து சரியில்ல பாப்பா, போலாம்" என்றார் மாமா. அன்று காற்றே இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து, வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை எல்லாம் படித்தேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும். நரம்பு அதன் பின்னால் போகும். ஃபிளை தூண்டிலில் இரை வெறும் இறகு, அதற்கு எடையே கிடையாது. அதனால் எடை லைனில்தான் இருக்க வேண்டும். லைன்தான் பறக்கிறது, இரை அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. அந்த லைனின் எடைக்கு ஏற்றபடிதான் ராடு வளையும். எடை குறைந்தால் ராடு வளையாது. வளையாத ராடு எதையும் எறியாது. அந்த எடையைத்தான் நம்பராகப் போடுகிறார்கள். ஆற்றின் அகலத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. ராடின் கைப்பிடிக்கு மேலே என்ன நம்பர் எழுதியிருக்கிறதோ, லைனும் அதே நம்பர். மாமாவின் ராடில் பொடி எழுத்தில் 8 என்றிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

நம்பருக்குக் கணக்கு உண்டு. லைனின் முதல் 30 அடியை, அதாவது சுமார் 9 மீட்டரை, நிறுக்க வேண்டும். கிரெய்ன் என்ற அளவில் சொல்கிறார்கள். தானிய மணியை வைத்து வந்த அளவு அது, நம் குன்றிமணி மாதிரி. நம்பர் 5 என்றால் 140 கிரெய்ன், 8 என்றால் 210. கிராமில் 9.1, 13.6.

எனக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் என் வேலை. எங்கள் டெஸ்க்கில் தினமும் காலையில் தங்கம் விலை நிலவரம் போடுவது நான்தான். 8 கிராம் ஒரு பவுன். அப்படியானால் நான் வாங்கியது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். மாமாவுக்கு வேண்டியது ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் கீழ். சிதம்பரத்தில் பள்ளித் தோழியின் அப்பா நகைப் பட்டறை வைத்திருக்கிறார். லைனைக் கொண்டுபோய் 30 அடியைத் தராசில் சுருட்டி வைத்தேன். 9 கிராம் காட்டியது. "இதை உருக்கணுமாம்மா?" என்றார் அவர். கேலி செய்கிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா என்று இன்றுவரை தெரியாது. அதிருக்கட்டும், மலிவு லைன் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தராசு வேலை உண்மையிலேயே உதவும். டப்பாவில் ஒரு நம்பரும் உள்ளே வேறு எடையும் இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

850 ரூபாய் லைன் அத்தைக்குத் துணி காயப்போடும் கொடியானது. 27 மீட்டர் இருக்கிறதே, கொல்லைப்புறத்தில் இரண்டு வரிசை கட்டலாம்.

அடுத்தது 1,400 ரூபாய். நம்பர் 8. தராசில் வைத்தேன், எடை சரி. இந்த முறை தப்பே இல்லை என்று நிமிர்ந்து நடந்தேன். கொண்டுபோனது மே மாதம். காலை ஏழு மணிக்கு அழகாகப் பறந்தது. மாமாவின் தோளும் கையும் சட்டென்று எதையோ நினைவுக்குக் கொண்டுவந்தது போல இருந்தது. லைன் பின்னால் நீண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் விரிந்து, கண்டல் வேர் ஓரமாக இறகைச் சத்தமில்லாமல் இறக்கியது. பாட்டில் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார். ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறியதும் கதை மாறியது. லைன் வெந்த சேமியா போலக் குழைந்து ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால்தான் நகர்ந்தது.

டப்பாவில் ஒரு டிரவுட் மீன் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். நம் மாநிலத்தில் அது இருப்பது ஊட்டிப் பக்கம், அவலாஞ்சி போன்ற இடங்களில்தான், அதுவும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அந்தக் காலத்து லைன் பட்டில் பின்னியது. தினமும் உலர்த்தி, மிதக்கக் கொழுப்பு தடவ வேண்டும். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய மீன்பிடி பற்றி 1873-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அவர்கள் காலத்தில் பிளாஸ்டிக் பூச்சு கிடையாது. இன்றைய லைனில் உள்ளே ஒரு நூல், மேலே பிளாஸ்டிக் பூச்சு. குளிர் நாட்டு லைனில் இரண்டுமே மென்மையாக இருக்கும், இல்லாவிட்டால் குளிரில் ஸ்பிரிங் போலச் சுருண்டுகொள்ளும். வெப்ப நாட்டுக்கென்று தனியாக 'டிராபிக்கல்' லைன் செய்கிறார்கள், அதில் உள்நூலும் பூச்சும் விறைப்பு அதிகம். கடலூர் மாவட்ட வெயிலுக்கு அதுதான் தாங்கும். மலிவு விலைப் பட்டியலில் முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் டிரவுட் லைன்தான், நம் வெயில் அதற்குத் தெரியாது.

அந்த லைனுக்கு முழு முடிவு கட்டியதும் நான்தான். வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று ஒரு மாலை போனோம். கண்டல் ஓரத்துக் கொசு எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை நிறையக் கொசு விரட்டிக் களிம்பைப் பூசிக்கொண்டு, சிக்கெடுக்கிறேன் என்று லைன் முழுவதையும் கையால் உருவினேன். அந்தக் களிம்புகளில் இருக்கும் 'டீட்' என்ற ரசாயனம் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். என் கை பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்து, பிறகு சொரசொரப்பானது. இரண்டாவது கொடியும் அத்தை கணக்கில் சேர்ந்தது.

திரும்பும் வழியில் பி.முட்லூரில் டீ குடிக்க நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். மாமா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"மொத லைன் டப்பாவப் பாத்ததுமே எனக்குத் தெரியும். அஞ்சுன்னு போட்டிருந்துச்சு."

"அப்பறம் ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா மறுபடி காசு போடுவ."

"இப்ப மட்டும் என்ன, போட்டுட்டேனே!"

"அதான் பாத்தேன்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு நான் கவுன் வாங்கியாருவேனே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டியைத் திறந்ததும் எனக்கொரு கவுன். ஒவ்வொரு முறையும் ஒரு சைஸ் சிறியதாக இருக்கும். போன முறை பார்த்த என்னை மனதில் வைத்து வாங்கியிருப்பார். அம்மா கண்ணைக் காட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டு, "சரியா இருக்கு மாமா" என்று சுற்றிக் காட்டுவேன்.

"பத்தலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னாடி கொக்கி மாட்டாமத்தான நிப்ப" என்றார். "ஒரு போன் போட்டு அளவு கேட்டிருக்கலாம். கேக்கல. நீயும் எனக்கு ஒரு போன் போட்டு என்ன நம்பர்னு கேக்கல."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், அவர் முந்திக்கொண்டார்.

மூன்றாவது லைனை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தேடினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். நம்பர் 8. மிதக்கும் வகை, ஏனென்றால் கால்வாய் ஆழம் இடுப்புக்கு மேல் இல்லை. மூழ்கும் லைன் சேற்றிலும் வேரிலும்தான் போய் மாட்டும். எடை முன்பக்கம் குவிந்த 'வெயிட் ஃபார்வர்டு' வகை, கொஞ்சம் கனமான இறகைத் தள்ள அது நல்லது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் 'டபுள் டேப்பர்' என்று ஒன்று உண்டு. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுமுனையை ஓட்டலாம், சிக்கனக்காரர்களுக்கு ஏற்றது. எங்களுக்கு அதில் டிராபிக்கல் கிடைக்கவில்லை. மற்றபடி வழுக்கும் பூச்சு, இரட்டை நிறம், 100 அடி தூரம் என்று விலையை ஏற்றும் சமாச்சாரங்களை எல்லாம் மாமா தள்ளிவிட்டார். "நம்ம கால்வாயே நாப்பது அடிதான். நூறு அடி வீசுனா அந்தாண்ட தென்னந்தோப்புல தேங்காதான் புடிக்கணும்."

பிரபலமில்லாத ஒரு பெயரில், வெப்ப நாட்டு உப்புத் தண்ணீருக்கென்று செய்தது 3,800 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆளுக்குப் பாதி என்றார் மாமா. நான் மறுத்தேன். "அப்ப வேணாம்" என்று கண்ணாடியைக் கழற்றினார். ஆளுக்குப் பாதி போட்டோம்.

மிச்சம் பிடித்தது வேறு இடத்தில். லைனின் நுனியில் ஏழெட்டு அடிக்கு மெல்லிய நரம்பு கட்ட வேண்டும். அதற்குப் பெயர் லீடர். கடையில் ரெடிமேடாக ஒன்று 500, 600 ரூபாய் சொல்கிறார்கள். கடலூர் முதுநகரில் வலைச் சாமான் விற்கும் கடையில் சாதாரண நைலான் நரம்பு இரண்டு தடிமனில் வாங்கினேன். லைன் பக்கம் 0.60 மில்லி மீட்டர், அதற்குக் கீழே 0.40. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழக்கும். இரண்டு ரீலும் சேர்த்து 130 ரூபாய், ஒரு வருஷத்துக்குக் காணும்.

இறகு இரை மாமாவே கட்டுகிறார். பக்கத்து வீட்டு வெள்ளைச் சேவலின் கழுத்து இறகும், கொலு அலங்காரத்தில் மிஞ்சிய ஜிகினாவும். சேவல் அவரைக் கண்டால் இப்போது ஓடுகிறது.

எல்லாம் கூடி வந்தது செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னால். தண்ணீர் இறங்குகிற நேரம். கண்டல் வேர்களுக்கு நடுவிலிருந்து சின்ன இறாலும் மடவைக் குஞ்சுகளும் வெளியே வரும். அதைத் தின்ன வாயிலில் காத்திருக்கும் கொடுவா. சிங்கப்பூரில் மாமா பிடித்தது பாஸ் என்றால், கொடுவாவை ஆங்கிலத்தில் சீ பாஸ் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி, கேரளத்தில் காளாஞ்சி, எல்லாம் இதே மீன்தான். பரணில் கிடந்த ராடுக்கு இதைவிட நல்ல ஆள் எங்கள் ஆற்றில் இல்லை.

முதல் கொடுவா அடித்தது. ராடு வளைந்தது, மாமா ஏதோ மலாயில் கத்தினார், அடுத்த நொடி நரம்பு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் நுனி, பிளேடு வைத்து வெட்டினாற்போல் அறுந்திருந்தது. கொடுவாவின் செவுள் மூடி அப்படி. வாய்க்குள் பல்லும் அரம் போலச் சொரசொரப்பு. பாட்டில் அண்ணன் எழுந்து வந்து, எங்கள் 0.40 நரம்பைத் தொட்டுப் பார்த்து, "இது மடவைக்குண்ணே" என்று சொல்லி, தன் பாட்டிலிலிருந்தே ஒன்றரை அடி தடித்த நரம்பை அறுத்துக் கொடுத்தார். 60 ரூபாய் நரம்பு. அதை நுனியில் சேர்த்துக் கட்டினோம்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்தது. தண்ணீரை விட்டு எகிறி, தலையைச் சிலுப்பி, வேர்ப்பக்கம் ஓடப் பார்த்தது. மாமா லைனை இடது கையால் இழுத்து இழுத்துக் காலடியில் போட்டார். வெயில் ஏறியிருந்தது, லைன் ஒட்டவில்லை. முழம் நீளத்துக்கு வெள்ளி நிறம். மாமா கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டுவிட்டார்.

"அண்ணே!" என்று அலறினார் பாட்டில் அண்ணன். "கிலோ என்ன விலை விக்கிது தெரியுமா?"

"இது சின்னப் பையன்" என்றார் மாமா. உண்மைதான். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும், பிறகு சில வருஷத்தில் வளர்ந்து பெண்ணாக மாறும். முட்டை போடக் கடலோரம் முகத்துவாரத்துக்குப் போகும். இதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைப்பதில் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் வெற்றி கண்டது. இப்போது குளங்களிலும் வளர்க்கிறார்கள். இதையெல்லாம் நான் அண்ணனுக்கு விளக்க ஆரம்பித்தேன். "பொட்டையா மாறட்டும், நான் புடிச்சிக்கிறேன்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் நகர்ந்துவிட்டார். அந்த ஒன்றரை அடி நரம்புக்கு மாமா டீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அத்தை மசாலா அரைத்து வைத்திருந்தார். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மசாலாவை உருளைக்கிழங்கில் போட்டு வறுத்தார். மாமா சாப்பிடும் முன் கொல்லைக்குப் போய், லைனை நல்ல தண்ணீரில் அலசி, துணியில் சோப்பு நுரை தொட்டுத் துடைத்து, முருங்கை மரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவில் நிழலில் இழுத்துக் கட்டினார். உப்பு தங்கினால் பூச்சு வெடிக்கும். பழைய லைன் உதிர்ந்த கதை அவருக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேரும் கை கழுவ வந்தபோது, 3,800 ரூபாய் லைனில் வரிசையாக இரண்டு ரவிக்கை, ஒரு துண்டு, மாமாவின் லுங்கி.

"மூணாவது கொடி எதுக்குங்க?" என்றார் அத்தை, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி. "அந்த ரெண்டே தாராளமா போதும்."